அயலவரின் அச்சமும் ஆய்வின் விடையும்

குறைந்த, நடுத்தர வருமானம் பெறுவோருக்கான வீடமைப்புத் திட்டமொன்று தமது அயலில் அமையவிருக்கின்றது என்றதும் குடியிருப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பது புதியதல்ல. வீட்டு விலை வீழ்ச்சியடையும், குற்றச்செயல்கள் பெருகும், வரி உயரும் என்பனவே அவர்களது வாதங்களாகும். வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் முதலிட்டவரின் கவலையை நாம் ஏளனம் செய்யவில்லை. எனினும், அச்சம் ஆதாரமாகிவிடாது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள மவுண்ட் லோரல் இதற்கோர் உதாரணமாகும். வசதி குறைந்தோர் தமது சொந்த ஊரிலேயே வாழ வழியில்லையென எத்தல் லோரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். வளர்ந்துவரும் ஊராட்சிகள் இத்தகைய வீடுகளுக்கு நியாயமான பங்கில் இடமளிக்க வேண்டுமென மாநில உயர் நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. ஆயினும், எதிர்ப்பு ஓயவில்லை. லோரன்ஸின் பெயரைத் தாங்கிய, இன்று 140 வீடுகளைக் கொண்ட திட்டத்தில் 2000ஆம் ஆண்டிலேயே மக்கள் குடியேறத் தொடங்கினர். அதனைக் காணாமலே 1994இல் அவர் காலமாகிவிட்டார்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசி குழுவினரின் ஆய்வு 2013இல் நூலாக வெளிவந்தது. அத்திட்டத்தினால் அயலில் வீட்டு விலை வீழவுமில்லை, குற்றம் பெருகவுமில்லை, வரி உயரவுமில்லை என அது எடுத்துக்காட்டியது. வீடுகள் நேர்த்தியாக அமைக்கப்பட்டு முறையாகப் பராமரிக்கப்பட்டமை இங்கு கவனிக்கத்தக்கது.

ஆகவே, கட்டலாமா கூடாதா என்பதைவிட, எவ்வாறு கட்டிப் பராமரிப்பது என்பதே அயலவர் எழுப்ப வேண்டிய கேள்வி என நாம் கருதுகின்றோம்.