பயிற்றாசான் பக் ஓநீல்

அமெரிக்க நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் ஆட்டங்களுள் ஒன்று பேஸ்பால். மட்டையால் பந்தை அடித்தவன் நான்கு முனைகளையும் முறையே தொட்டு மீள்வானாயின், அவனுடைய அணிக்கு ஓர் ஓட்டம் கிட்டும். இவ்வாட்டத்தில் ஆடுவோரைப் போலவே ஆட்டுவிப்போர்க்கும் பெரும் பங்கு உண்டு. யார் ஆடுவது, யார் பந்தெறிவது என முடிவு செய்பவர் மேலாளர். முதல் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் அருகே, கோடிட்ட சிறு கட்டத்தினுள் நின்று, ஓடுவோனைக் கைச் சைகையால் நடத்துபவர் பயிற்றுநர். அக்கட்டத்தில் நிற்கும் தகுதி முற்றும் உடையராயிருந்தும் நிற்கப் பெறாத ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பக் ஓநீல் 1911ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் பிறந்தார். சரசோட்டா என்னும் ஊரில் வளர்ந்தார். இளமையில் செலரிக் கீரைப் பண்ணையில் உழைத்தார். அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் கதவு கறுப்பினப் பிள்ளைகளுக்கு அடைபட்டிருந்தது. எனவே, வெளியூர் சென்றே அவர் மேற்கல்வி பெற வேண்டியதாயிற்று. பள்ளிக் கதவு மட்டுமோ? பேஸ்பாலின் பெரிய அணிகளும் அவ்வினத்தார்க்கு இடம் தரவில்லை. அவர்கள் தமக்கெனத் தனி அணிகள் அமைத்து, நீக்ரோ லீக் என்னும் பெயரால் ஆடி வந்தனர். அவற்றுள் புகழ் மிக்கது கான்சஸ் நகரத்து மானார்க்ஸ் அணி. 1938இல் அதிற் சேர்ந்த ஓநீல், முதல் முனைக் காவலராய்ச் சிறந்து விளங்கினார்.

1947இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் புரூக்ளின் அணியிற் புகுந்து பழைய தடையைத் தகர்த்தார். இவரும் முன்னர் மானார்க்ஸ் அணியில் ஆடியவரே. அடுத்த ஆண்டு ஓநீல் மானார்க்ஸ் அணியின் மேலாளரானார். 1955 வரை அப்பொறுப்பை வகித்தார். அக்காலத்தில் அவரது பணி விந்தையானது. தாம் பழக்கிய இளைஞர் தேறியவுடன் பெரிய அணிகள் அவர்களைப் பெற்றுச் செல்லும். தம் அணியோ மெலியும். எர்னி பேங்க்ஸ் 1953இல் அவ்வாறே சிகாகோ கப்ஸ் அணிக்குச் சென்று, பின்னர் 512 ஹோம் ரன் அடித்துப் புகழ் எய்தினார். நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்த யான் இந்நிலையை நன்கு அறிவேன். மாணவன் நீங்கிச் செல்லும் நாளே ஆசிரியர்க்கு மகிழ்ச்சியும் வெறுமையும் ஒருங்கே தரும் நாள்.

பின்னர் ஓநீல் கப்ஸ் அணிக்காக ஊர்தோறும் சென்று திறமையுடைய இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். அவர் கண்டெடுத்த லூ பிராக், பிற்காலத்தில் 938 முனைகளைக் கவர்ந்தோடினார். 1962இல் கப்ஸ் அணி ஓநீலைப் பயிற்றுநராக அமர்த்தியது. பெரிய அணிகளில் அப்பதவி பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அந்நாளில் அவ்வணியில் ஒரு தனி மேலாளர் இலர். பயிற்றுநர் சிலர் மாறி மாறித் தலைமை ஏற்றனர். ஓநீலுக்கு மட்டும் அம்முறை வரவே இல்லை. முனையருகே உள்ள கட்டத்தில் நிற்கவும் அவர் விடப்படவில்லை. ஒரு நாள் ஆட்டத்தில் பயிற்றுநர் இருவரை நடுவர் வெளியேற்றினார். பக்கத்திலேயே ஓநீல் அமர்ந்திருந்தார். ஆயினும், களத்தின் தொலைவிலிருந்த வேறொருவரையே அழைத்து நிறுத்தினர். பதவியைத் தந்து பணியைத் தாராமை கொடிதினும் கொடிதன்றோ? இந்நிகழ்ச்சியை ஓநீல் முதுமையிலும் மறந்தாரல்லர். ஆயின் பகைமை பாராட்டவில்லை.

நீக்ரோ லீக் வீரர்களின் நினைவைப் போற்றக் கான்சஸ் நகரில் 1990இல் ஓர் அருங்காட்சியகம் தோன்றியது. அதனை வளர்க்க அவர் ஓயாது உழைத்தார். 1995இல், முன்பு கதவடைத்த அதே சரசோட்டாப் பள்ளி அவருக்குச் சிறப்புச் சான்றிதழ் அளித்தது. அப்போது அவருக்கு அகவை எண்பதைக் கடந்திருந்தது.

2006இல், கறுப்பினப் பேஸ்பால் வரலாற்றைச் சார்ந்த 17 பேரைப் புகழவையிற் சேர்க்கத் தேர்ந்தனர். ஓநீலின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அப்பதினெழுவருள் ஒருவரும் அன்று உயிருடன் இலர். அவர்கள் சார்பிற் பேச வேண்டுமென ஓநீலையே வேண்டினர். அவர் மறுக்கவில்லை. கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் கூடிய அவையில் பேசி, வந்தோரைக் கைகோத்துப் பாடவும் செய்தார். அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் தமது தொண்ணூற்று நான்காம் அகவையில் காலமானார். 2022இல் அவரையும் புகழவையிற் சேர்த்தனர்; அன்று அவர் சார்பிற் பேச வேறொருவர் எழ வேண்டியிருந்தது.