கொரீதோ வந்த வழி: மெக்சிகோ பாட்டின் நூறாண்டு

2023-இல் அமெரிக்காவின் பில்போர்டு 'ஹாட் 100' பட்டியலில் ஒரு மெக்சிகோ பாட்டு நான்காம் இடம் வரை ஏறியது. எஸ்லபோன் அர்மாதோ குழுவும் பெசோ புளூமா என்ற இளைஞரும் சேர்ந்து பாடிய 'எயா பைலா சோலா'. மெக்சிகோவின் வட்டார இசை அந்தப் பட்டியலின் முதல் ஐந்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. கிட்டார்கள், டிராம்போன், கரகரத்த குரல், அவ்வளவுதான் அந்தப் பாட்டு. நாகரிகமான வானொலிகள் பல காலம் பட்டிக்காட்டுச் சத்தம் என்று ஒதுக்கிவைத்த ஓசை அது.

அந்த ஓசை ஒதுக்கப்பட்டதும் மேலே வந்ததும் எப்படி என்று புரிந்துகொள்ள, மெக்சிகோ பாட்டு பயணம் செய்த இரண்டு சாலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று தலைநகருக்குப் போனது. வானொலியும் சினிமாவும் அதைப் பராமரித்தன. மற்றொன்று வடக்கே, அமெரிக்க எல்லையைத் தாண்டிப் போனது. அதைச் சுமந்தவர்கள் கூலி வேலைக்குப் போனவர்கள்.

வடக்குச் சாலையின் பாட்டுக்குக் கொரீதோ என்று பெயர். நடந்த சம்பவத்தைக் கதையாகச் சொல்லும் பாட்டு. 1910-இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியின் பத்தாண்டுகளில் அது நாடெங்கும் பரவியது. போர், துரோகம், தூக்குத் தண்டனை, குதிரையேறிய தளபதிகள் எல்லாம் பாட்டாயின. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே செய்தித்தாள். மெக்சிகோ நகரத்தில் வனேகாஸ் அர்ரோயோவின் அச்சகம் கொரீதோக்களை ஒற்றைத் தாளில் அச்சடித்து மலிவு விலைக்கு விற்றது. அந்தத் தாள்களுக்குப் படம் செதுக்கித் தந்தவர், எலும்புக்கூட்டுச் சித்திரங்களால் இன்று உலகம் அறிந்த ஹோசே குவாதலூப்பே போசாதா. கொரீதோவின் அமைப்பு எளிது. எட்டு அசைகள் கொண்ட வரிகள், நான்கு வரிக்கு ஒரு செய்யுள். தொடக்கத்தில் ஊரும் நாளும் வரும், கடைசியில் பாடகர் விடைபெறுவார். பல்லவி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதை நகர்ந்தால் போதும்.

இந்தக் கதைப்பாட்டுக்கு வாத்தியம் வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் டெக்சாஸிலும் வட மெக்சிகோவிலும் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் போலந்துக்காரர்களும் அக்கார்டியனையும் போல்கா நடனத்தையும் கொண்டுவந்தார்கள். பண்ணையாட்கள் அதைக் கேட்டுக் கற்றார்கள். எல்லைப் பகுதியில் பிறந்து வளர்ந்த நார்சிசோ மார்த்தினேஸ் 1930-களில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். அக்கார்டியனில் வலது கை ராகத்தை வாசிக்கும், இடது கை பொத்தான்கள் அடிச்சுருதியையும் தாளத்தையும் தரும். மார்த்தினேஸ் இடது கையை ஏறக்குறைய விட்டேவிட்டார். அந்த வேலையை அவருடன் வாசித்த சந்தியாகோ அல்மெய்தாவின் பாஹோ செக்ஸ்தோவிடம், அதாவது கனமான பன்னிரண்டு கம்பிக் கிட்டாரிடம், ஒப்படைத்தார். சுமை இறங்கியதும் வலது கை துள்ளி ஓடத் தொடங்கியது. ஐரோப்பிய போல்கா அந்த இடத்தில்தான் எல்லைப்புறத்தின் சொந்த இசையானது. இன்றைக்கும் நோர்தேன்யோ என்ற வடக்கத்தி இசைக்கு இந்த இரண்டு வாத்தியங்களின் பங்கீடுதான் அடிப்படை.

தலைநகரச் சாலையில் வேறொன்று நடந்தது. 1930-இல் மெக்சிகோ நகரத்தில் எக்ஸ்.இ.டபிள்யூ. வானொலி தொடங்கியது. நாடு முழுக்கவும் அதற்கு அப்பாலும் கேட்ட நிலையம். ஹலிஸ்கோ மாநிலத்துக் கிராமங்களில் வயலினும் சிறு கிட்டார்களும் சில இடங்களில் யாழும் வைத்து வாசித்த மரியாச்சிக் குழுக்கள் அந்த ஒலிவாங்கியின் முன் வந்து நின்றன. 1898-இல் தொடங்கிய மரியாச்சி வர்காஸ் தே தெகாலித்லான் 1934-இல் அதிபர் கார்தெனாஸின் பதவியேற்புக்கு வாசிக்க நகரத்துக்கு வந்தது, பிறகு அங்கேயே தங்கிவிட்டது. வானொலியில் எடுப்பாகக் கேட்பதற்காக டிரம்பெட் சேர்ந்தது. 1950-களில் இரட்டை டிரம்பெட் வழக்கமானது. நிலக்கிழார்களின் குதிரைவீரர் உடை, வெள்ளிப் பொத்தான்களோடு, இசைக்கலைஞர்களின் சீருடையானது. 1936-இல் வந்த 'அயா என் எல் ராஞ்சோ கிராந்தே' படம் பாடும் பண்ணைக்காரனைத் திரை நாயகனாக்கியது. ஹோர்ஹே நெக்ரேத்தேவும் பெத்ரோ இன்ஃபாந்தேவும் அந்த உடையில்தான் நாடே கொண்டாடும் நட்சத்திரங்களானார்கள். இன்ஃபாந்தே 1957-இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 39.

ஆகவே 'பழமையான மெக்சிகோ மரபு' என்று சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் மரியாச்சி, அந்த வடிவத்தில், ஒலிபரப்பு நிலையமும் படப்பிடிப்புத் தளமும் சேர்ந்து உருவாக்கியது. இதைச் சொல்வதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. மரியாச்சிக் குழுக்கள் வாசித்த பாட்டுகளை எழுதிய ஹோசே அல்ஃபிரெதோ ஹிமேனெஸுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, சுரம் எழுதவும் தெரியாது. பாட்டை வாயால் பாடிக் காட்டுவார், இசையமைப்பாளர் ரூபென் ஃபுவெந்தேஸ் அதை இசைக்குழுவுக்கு எழுதித் தருவார். அப்படிப் பிறந்த, ராஞ்சேரா எனப்படும் நாட்டுப்புறப் பாணிப் பாடல்கள் மெக்சிகோவில் ஒவ்வொரு திருமணத்திலும் மதுக்கடையிலும் இன்னும் ஒலிக்கின்றன. காதலில் தோற்றவனின் கம்பீரத்தை அவரளவுக்குப் பாட்டில் கொண்டுவந்தவர் அந்த நாட்டில் வேறு யாரும் இல்லை.

அதே காலத்தில் கியூபாவிலிருந்து வந்த பொலேரோ, பாடலாசிரியர் அகுஸ்தின் லாராவின் கையிலும் த்ரியோ லோஸ் பாஞ்சோஸ் என்ற மூவர் குழுவின் கையிலும் மெக்சிகோவுக்கே உரிய மென்குரல் காதல் பாட்டானது. ராக் 1950-களின் கடைசியில் வந்தது. 1971-இல் அவாந்தரோ என்ற இடத்தில் பெருந்திரள் இளைஞர்கள் கூடிய இசைவிழாவுக்குப் பிறகு அரசு மிரண்டு, ராக்கை வானொலியிலிருந்தும் பெரிய மேடைகளிலிருந்தும் விரட்டியது. பத்தாண்டுக்கும் மேல் அது புறநகர்க் கொட்டகைகளில் உயிர்பிழைத்தது. கொலம்பியாவின் கும்பியா நடன இசையோ ஏழைக் குடியிருப்புகளின் தெருவிழாக்களில் வேரூன்றியது. மான்டெர்ரேயின் செல்சோ பின்யா அதை அக்கார்டியனில் வாசித்துத் தன் நகரத்தின் அடையாளமாகவே மாற்றினார்.

மீண்டும் வடக்குச் சாலைக்கு வருவோம். 1942 முதல் 1964 வரை நடந்த பிராசேரோ திட்டத்தில், அமெரிக்காவில் கூலி வேலை செய்ய ஏறத்தாழ 46 லட்சம் ஒப்பந்தங்கள் மெக்சிகோ தொழிலாளர்களுக்கு வழங்கப்பட்டன. வயலுக்கும் ரயில்பாதைக்கும் போனவர்களோடு பாட்டும் போனது. சினலோவா மாநிலத்தில் பிறந்து கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவில் குடியேறிய லோஸ் திக்ரெஸ் தெல் நோர்தே, அந்த மக்களின் குரலானது. 1970-களில் அவர்களைப் பிரபலமாக்கிய 'கொந்த்ரபாந்தோ இ த்ரைசியோன்' ஒரு சிறுகதை: காரின் டயர்களில் கஞ்சாவை ஒளித்து எல்லை தாண்டும் ஓர் ஆணும் பெண்ணும், கடைசியில் அவளிடமிருந்து துப்பாக்கிக் குண்டு. 1980-களில் வந்த 'லா ஹௌலா தே ஓரோ' வேறு வகைக் கதை. ஆவணமில்லாமல் வாழும் தகப்பனுக்குக் கையில் பணம் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் அவன் மொழியை மறந்துவிட்டார்கள். புலம்பெயர்ந்த வாழ்வைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் உண்டு. அந்தத் தகப்பனின் மூச்சுமுட்டலை மூன்று நிமிடத்தில் சொன்னது இந்தப் பாட்டு.

அடுத்த திருப்பம் ஒரே மனிதரால் வந்தது. சலினோ சாஞ்சேஸ், சினலோவாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்ப் பாத்திரம் கழுவி, வயல் வேலை பார்த்த இளைஞர். 1984-இல் அண்ணன் கொல்லப்பட்டபோது அவருக்காக முதல் கொரீதோ எழுதினார். பிறகு திஹுவானா சிறையில் இருந்தபோது சக கைதிகள் தங்கள் கதையைச் சொல்லிப் பாட்டு எழுதச் சொன்னார்கள். கூலியாகக் காசு, கைக்கடிகாரம், கையில் இருந்தது எதுவானாலும் கொடுத்தார்கள். வெளியே வந்த பின்னும் அதுவே தொழிலானது. ஒருவர் தன் பெயர், ஊர், நண்பர்கள், பட்ட காயம் எல்லாம் சொல்வார். சலினோ பாட்டு எழுதி, ஒரு குழுவைச் சேர்த்துக் கேசட்டில் பதிவு செய்து தருவார். வேறு ஆட்களும் அந்தக் கேசட்டைக் கேட்க, வாரச் சந்தைகளிலும் ரொட்டிக் கடைகளிலும் கார் கழுவும் இடங்களிலும் விற்பனை பெருகியது. குரல் சுருதியில் நிற்காது. அவரே அதைப் பாட்டென்று சொல்லிக்கொள்ளவில்லை, குரைக்கிறேன் என்றார். ஆனால் அமெரிக்காவில் வளர்ந்து, அப்பாவின் பாட்டை வெட்கத்தோடு ஒதுக்கிய பையன்கள் சலினோவைக் கேட்டுத் தொப்பியும் பூட்ஸும் அணியத் தொடங்கினார்கள். 1992 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா நகரில் மேடையிலேயே அவர் சுடப்பட்டார், அவரும் திருப்பிச் சுட்டார். மே மாதம் குலியகானில் கச்சேரி முடித்துத் திரும்பியவரை வழிமறித்துக் கொண்டுபோனார்கள். மறுநாள் பிணம் கிடைத்தது. வயது 31.

சலினோவின் கேசட்டுகளை வெளியிட்டவர்களில் பெத்ரோ ரிவேரா என்பவரும் ஒருவர். அவர் மகள் ஜென்னி ரிவேரா பின்னாளில் பண்டா இசையின் மிகப் பெரிய பெண் குரலானார். ஆண்களே கோலோச்சிய துறையில் விவாகரத்தையும் அடி உதையையும் உழைக்கும் தாயின் கோபத்தையும் உரக்கப் பாடினார். 2012-இல் விமான விபத்தில் இறந்தார். பண்டா என்பது சினலோவாவின் பித்தளை வாத்தியக் குழு: கிளாரினெட், டிரம்பெட், டியூபா, பெரிய முரசு. 1938-இல் தொடங்கிய பண்டா எல் ரெகோதோ இன்றும் வாசிக்கிறது. 1992-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்த இசையை ஒலிபரப்பிய கே.எல்.ஏ.எக்ஸ். என்ற ஸ்பானிய நிலையம், ஆங்கில நிலையங்களையெல்லாம் பின்தள்ளி முதலிடத்துக்கு வந்தது. விளம்பரத் துறை அன்றுதான் இந்தக் கேட்பவர்களை எண்ணிப் பார்த்தது.

பெசோ புளூமாவுக்கு முந்தைய படிக்கட்டு ஏரியல் கமாச்சோ. 22 வயதில், 2015-இல் கார் விபத்தில் இறந்துபோன சினலோவா இளைஞர். மலைக்கிராமத்துக் கிட்டார் இசையில் பேஸ் கிட்டாருக்குப் பதில் டியூபாவை வைத்தார். மேலே ரெக்விந்தோ கிட்டாரின் மெல்லிய கம்பிகள் ஓடும், கீழே டியூபா உறுமும். நடுவில் எதுவும் நெருக்காததால் குரல் தனித்துக் கேட்கும். வீட்டு அறையில் நாலு பேர் உட்கார்ந்து, கைப்பேசியில் படம்பிடித்து ஏற்றிவிடக்கூடிய இசை. 2019-இல் எர்மோசியோ நகரத்து நதனாயெல் கானோ, பதின்ம வயதிலேயே, அதில் ராப் பாடகர்களின் சொல்நடையையும் உடையையும் சேர்த்தார். 'கொரீதோஸ் தும்பாதோஸ்' என்று பெயர் நிலைத்தது.

பாட்டுக்குள் வரும் ஆட்களும் மாறிவிட்டார்கள். புரட்சித் தளபதியின் இடத்தில் போதைப்பொருள் கும்பல் தலைவன் பெருமையோடு உட்கார்ந்திருக்கிறான். 2006-க்குப் பிந்தைய போதைப்பொருள் போரில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த, காணாமல்போன நாட்டில் இது சும்மா ரசித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. மகனைத் தேடி அலையும் ஒரு தாய்க்கு அந்தப் பாட்டு எப்படிக் கேட்கும் என்று ரசிகர்களும் பாடகர்களும் யோசித்தே ஆகவேண்டும். அதே சமயம் தடை வேலை செய்யும் என்றும் நான் நம்பவில்லை. 2025 ஏப்ரலில் டெக்ஸ்கோகோ திருவிழாவில் பாடகர் லூயிஸ் ஆர். கொன்ரிகெஸ் தடையை மதித்துக் கும்பல் பாட்டுகளைப் பாட மறுத்தபோது, கூட்டம் மேடையேறி வாத்தியங்களை உடைத்தது. அதே மாதம் அதிபர் கிளாவுதியா ஷெயின்பாம் வேறு வழியை முயன்றார். வன்முறையைப் போற்றாத புதுப் பாட்டுகளுக்காக 'மெக்சிகோ காந்தா' என்ற போட்டியை அரசே அறிவித்தது. கலந்துகொள்ள மெக்சிகோ இளைஞர்களை மட்டுமல்ல, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களையும் அழைத்தார்கள்.