நடுக்களத்து நாயகி

கால்பந்தாட்டம் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவர் யார்? கோல் அடிப்பவர். அவரை விட்டால், பாய்ந்து விழுந்து கோலைத் தடுப்பவர். இவ்விருவருக்கும் நடுவே ஆட்டம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒருவரைப் பற்றி நாங்கள் சென்ற ஆண்டு வரை நினைத்துப் பார்த்ததே இல்லை. விளையாட்டு வகுப்பில் ஆசிரியை எங்களை இரண்டு அணிகளாகப் பிரித்தபோது, "நீ நடுவில் நில்" என்று சொல்லப்பட்ட தோழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆடத் தெரியாதவர்களை நிறுத்தும் இடம் அது என்பது அவள் எண்ணம். உண்மையைச் சொன்னால், எங்கள் எல்லோருடைய எண்ணமும் அதுவே.

ஆசிரியை கோபிக்கவில்லை. "கடலூர்ப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் நின்று ஆடித்தான் இந்திய அணிக்கே போனாள். அவள் யாரென்று தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார். அவ்வாறு நாங்கள் தெரிந்துகொண்டவர்தாம் இந்துமதி கதிரேசன் அவர்கள். அவர் 1994ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பிறந்தவர். எங்களைவிட மூத்தவர் ஆதலால் இனி அக்கா என்றே எழுதுகிறோம்.

அவரைப் பற்றிக் கூறுமுன், நடுக்கள ஆட்டக்காரரின் வேலை என்ன என்பதைக் கூறவேண்டும். எங்கள் ஊராகிய ஆர்.எஸ்.மங்கலத்தில் இதை விளக்குவது எளிது. இங்குள்ள பெரிய கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது தானாக வயலுக்குப் போய்விடாது. மடையைத் திறந்து, எந்த வாய்க்காலுக்கு எப்பொழுது எவ்வளவு என்று பார்த்து விடுவதற்கு நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் வேண்டும். விளைச்சல் நன்றாக இருந்தால் வயலுக்கு உரியவரைப் புகழ்வார்கள். பயிர் காய்ந்தால் மட்டும் நீர்ப்பாய்ச்சியைத் தேடிக்கொண்டு வருவார்கள். நடுக்களத்தினர் நிலையும் ஏறக்குறைய இதுதான். தடுப்பவரிடமிருந்து பந்தை வாங்கி, எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று கண்டு, முன்னால் ஓடுபவரின் காலுக்குச் சேர்க்கவேண்டும். பந்து பறிபோனால் உடனே திரும்பி ஓடி அதை மீட்கவேண்டும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் இவர்கள் பத்துக் கிலோமீட்டர் அளவு ஓடுகிறார்கள். மைதானத்தை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஏறக்குறைய நூறு முறை கடப்பதற்கு அது சமம்! நாங்கள் ஒரு நாள் முயன்று பார்த்தோம். பதினொன்றாவது முறையிலேயே பாதிப் பேர் தரையில் அமர்ந்துவிட்டோம்.

இன்னொன்றும் கவனித்தோம். ஆசிரியையின் கைப்பேசியில் ஓர் ஆட்டத்தைப் பார்த்தபோது, பந்தை விட்டுவிட்டு நடுக்களத்தில் நிற்பவர்களை மட்டும் பார்க்கும்படி அவர் சொன்னார். பந்து தம்மிடம் வருவதற்கு முன்னரே அவர்கள் இடமும் வலமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிடுகிறார்கள். பந்து வந்தபின் யோசிப்பதற்கு அவர்களுக்கு நேரம் இல்லை.

கடலூர், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் வந்த சுனாமியால் பெருந்துயர் அடைந்த கரை. எங்கள் பக்கத்துக் கரையைப் பெரும்பாலும் இலங்கைத் தீவு மறைத்துக் காத்தது; கடலூருக்கு அந்த மறைப்பு இல்லை. அந்தத் துயருக்குப் பின் மாரியப்பன் என்னும் பயிற்சியாளர், உற்றாரை இழந்த சிறுமிகள் உட்படப் பலருக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். இன்று தமிழகத்தில் பெண்கள் கால்பந்து என்றால் கடலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்துமதி அக்காவும் அந்த மண்ணின் மகளே.

2016ஆம் ஆண்டு டிசம்பரில் சிலிகுரியில் தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டி தொடங்கியது. 2017 ஜனவரி 4இல் இறுதி ஆட்டம். எதிரே வங்காளதேசம். பாதி ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு ஒரு கோல். பிற்பாதியில் இந்தியா பெனால்டி மூலம் முந்தியது. ஒரு கோல் முன்னிலை எந்த நொடியிலும் கைநழுவக்கூடியது அல்லவா? அப்பொழுது மூன்றாவது கோலை அடித்து வெற்றியை உறுதி செய்தவர் நடுக்களத்து இந்துமதி அக்கா! இந்தியா 3-1 என வென்று, தொடர்ந்து நான்காம் முறை கோப்பையைப் பெற்றது. 2019இல் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த அதே போட்டியின் அரையிறுதியில், மீண்டும் வங்காளதேசத்திற்கு எதிராக, அவர் இரண்டு கோல்கள் அடித்தார். ஐந்தாம் கோப்பையும் வந்தது. (2022இலும் 2024இலும் அந்தக் கோப்பையை வங்காளதேசப் பெண்கள் வென்றார்கள். அதையும் எழுதுவதுதானே நியாயம்?)

தமிழ்நாட்டுக்கும் பெருமை சேர்ந்தது. மகளிர் தேசியப் போட்டியில் மணிப்பூர் மாநிலமே மிகப் பல முறை வென்றிருக்கிறது. 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் அந்த மணிப்பூரையே 2-1 எனத் தோற்கடித்துத் தமிழ்நாடு முதன்முறையாக வென்றது. மறு ஆண்டு மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. 2023இல் கோகுலம் கேரளா அணி அதே கோப்பையை வென்றபோது, அக்கா அதில் ஆடினார்.

எல்லாம் வெற்றியாகவே அமைந்துவிடவில்லை. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. இந்தியா ஈரானுடன் கோல் இன்றிச் சமன் செய்தது. அதற்குள் அணியில் பலருக்குக் கொரோனா தொற்றிவிட்டது. இரண்டாம் ஆட்டத்திற்கு நிறுத்தப் போதிய ஆட்கள் இல்லாமல் இந்தியா போட்டியை விட்டே விலக நேர்ந்தது. சொந்த நாட்டில், தோற்காமலே வெளியேறுவது எத்தகைய வேதனை!

நாங்கள் மிகவும் வியந்தது வேறொன்று. அக்கா தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் ஊரடங்கின்போது நாமெல்லாம் வீட்டுக்குள் இருந்த நாள்களில், அவர் சென்னைத் தெருக்களில் சீருடையுடன் பணியில் நின்றார்.

இச்செய்தி எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் வேலை செய்தது. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பந்து எதற்கு, வெயிலில் கறுத்துப் போவாள், காலை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று அவள் அப்பா ஓயாமல் சொல்லிவந்தார். கோல்களையும் கோப்பைகளையும் அவள் விவரித்தபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. உதவி ஆய்வாளர் என்றதும், "எஸ்.ஐ.யா?" என்று நிமிர்ந்தார். ஆனாலும் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. "பரீட்சை முடியட்டும், பார்ப்போம்" என்ற அளவில் நிற்கிறது. முன்பு 'பார்ப்போம்' என்ற சொல்லும் இல்லை என்று அவள் மகிழ்கிறாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவளும் எழுந்து வந்துவிட்டாள். இப்பொழுது எங்கள் வகுப்பில் நடுக்களத்தில் நிற்பதற்குத்தான் சண்டை. கோல் காப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை.