திருகோணமலையில் அன்னியப் படை

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆனால், பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகவில்லை. கட்டுநாயகாவில் அவர்களுடைய விமானப் படையும் இருந்தது. காரணம், 1947 நவம்பரில் பிரதம மந்திரி டி.எஸ்.சேனநாயகா செய்துகொண்ட ராணுவ ஒப்பந்தம்!

அண்டை நாட்டு அச்சம்

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. சிறிய தீவு தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பது சேனநாயகாவின் ஐக்கிய தேசியக் கட்சியின் எண்ணம். பக்கத்தில் உள்ள இந்தியாவிடமும் அவருக்கு அச்சம் இருந்தது. தூரத்துப் பிரிட்டன் துணை என்று நம்பினார்.

அன்னியப் படை இருந்தால் அது என்ன சுதந்திரம் என்று இடதுசாரிகள் கேட்டார்கள். 1956 தேர்தலில் பண்டாரநாயகா வெற்றி பெற்றார். 1957-ல் இரண்டு தளங்களும் இலங்கை வசம் வந்தன.

மாறிய காட்சி

30 ஆண்டுகள் ஓடின. 1987 ஜூலையில் அதே கட்சியின் ஜனாதிபதி ஜெயவர்த்தனா, ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தம் செய்தார். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டுப் படைக்கும் திருகோணமலையைக் கொடுப்பதில்லை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அவருடைய சம்மதத்துடன் இந்திய ராணுவம் தீவில் இறங்கியது.

எந்த நாட்டுக்கு அஞ்சித் தளம் கொடுத்தார்களோ, கடைசியில் அந்த நாட்டுப் படையையே அழைத்தார்கள்!