குளத்தை இறைப்பதா, குணப்படுத்துவதா?

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரியோ டி ஜனைரோ நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தபோது, மரியா லெங்க் நீச்சல் அரங்கத்தில் முதல் நாள் வரை நீலமாக விளங்கிய டைவிங் குளம், 9ஆம் தேதியன்று பாசி பிடித்த தெப்பக்குளம்போல் பச்சையாகிவிட்டதையும், மறுநாள் அதன் பக்கத்திலிருந்த வாட்டர்போலோ குளமும் அதே வழியில் போகத் தொடங்கியதையும் உலகமே வியப்புடன் பார்த்தது. 5ஆம் தேதி அக்குளங்களில் ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றியதுதான் அந்த விபரீதத்துக்குக் காரணம். பெராக்ஸைடும் குளோரினும் தனித்தனியே கிருமிகளைக் கொல்லும் சக்தி வாய்ந்தவையாயினும், ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் சுபாவம் உடையவை. ஆகவே காவலின்றி நின்ற நீரில் பாசி தன் ராஜ்யத்தை ஸ்தாபித்துவிட்டது.

ஒரே வியாதி கண்ட இரு குளங்களுக்கும் அதிகாரிகள் ஒரே சிகிச்சை செய்யவில்லை என்பதே இந்தக் கதையில் கவனிக்கத்தக்கது. டைவிங் குளத்தை அவர்கள் இறைக்கவில்லை. மருந்திட்டு, வடிகட்டி, பச்சை நீரிலேயே போட்டிகளையும் நடத்தினார்கள். மற்றதிலோ, சங்கீதத்துக்கு இசைய நீருக்குள் நடனமிடும் நீச்சல்காரிகள் 14ஆம் தேதி இறங்க வேண்டியிருந்தது. நீருக்கடியில் ஒருவரையொருவர் காண முடியாவிட்டால் அந்த வித்தையே நடவாது. பொறுத்திருக்க நாளும் இல்லை. ஆதலால் ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர் நீரை வெளியேற்றிவிட்டு, அருகிலிருந்த பயிற்சிக் குளத்தின் தெளிந்த நீரை ஓரிரவுக்குள் கொண்டுவந்து நிரப்பினார்கள். அவகாசம் இருந்திருந்தால் அந்த நீரும் பிழைத்திருக்கும்.

நீச்சல் குளம் வைத்திருப்பவர்களைக் கலங்கச் செய்வது நிறமே. ஆனால் பச்சை நிறம் பெரும்பாலும் தீரக்கூடிய நோய். குளோரினைத் தக்க அளவில் இட்டு, சுவர்களைத் தேய்த்து, வடிகட்டும் இயந்திரத்தை இரவும் பகலும் ஓடவிட்டால், பாசி செத்து, வடிகட்டியில் தங்கி, சில நாட்களில் நீர் தெளிந்துவிடும். அடியில் சேறு தடித்துத் தரையே தெரியாமல் போன குளத்துக்கும், பழுது பார்க்கவேண்டிய குளத்துக்கும் மட்டுமே இந்த விதி பொருந்தாது. உண்மையில் இறைத்தே தீரவேண்டிய நீர், பல சமயங்களில், பளிங்குபோல் தெளிந்து நிற்கும் நீர்தான்.

அது எப்படியென்றால், வெயிலில் குளோரின் விரைவில் அழிந்துபோகாமல் காப்பதற்காக, குளத்தில் மிதக்கவிடும் மாத்திரைகளில் சயனூரிக் அமிலம் என்ற பொருளும் சேர்ந்தே இருக்கிறது. குளோரின் தன் வேலையை முடித்து மறைந்துவிடும். இந்த அமிலமோ ஆவியாகாது, வடிகட்டியில் சிக்காது, வந்த இடத்திலேயே தங்கிவிடும். இப்படிப்பட்ட மாத்திரைகளால் பத்து லட்சம் பங்கு நீருக்குப் 10 பங்கு குளோரின் சேரும்போது, சுமார் 6 பங்கு சயனூரிக் அமிலமும் கூடவே சேருகிறது. தினமும் 2 பங்கு குளோரின் செலவாகும் குளத்தில் மூன்று மாதத்துக்குள் இது 100 பங்கைத் தாண்டிவிடும். 30 முதல் 50 வரை இருந்தால் போதுமானது. அளவு மிஞ்சினால் அமிலமே குளோரினைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பரிசோதனையில் குளோரின் இருப்பதாகத் தெரியும், ஆனால் அது கிருமியைக் கொல்லும் வேகம் குன்றிப் போயிருக்கும்.

சுண்ணாம்புச் சத்தின் கதையும் இத்தகையதே. வெந்நீர் அண்டாவில் உப்புப் படிவதுபோல, குளத்து நீர் ஆவியாக ஆவியாக, அதில் கரைந்திருந்தது பின்தங்கிச் செறிகிறது. குறைந்த நீருக்கு ஈடாக ஊற்றும் புது நீரும் தன் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இவற்றைக் குறைக்கச் சாதாரணமாக உள்ள உபாயம் ஒன்றே: பழைய நீரில் ஒரு பகுதியை நீக்கி, நல்ல நீர் விட்டுக் கலப்பது.

ஆயினும் முழுவதையும் நீக்க வேண்டுமென்பதில்லை. 100 பங்கை 40 பங்காக்க நூற்றுக்கு 60 பாகம் நீரை மாற்றினால் போதும். மூன்றில் ஒரு பாகத்தை நீக்கி நிரப்பி, நன்றாகக் கலந்தபின் மறுபடியும் அவ்வாறே செய்தால் 100 என்பது ஏறக்குறைய 44 ஆகிவிடும். இதற்கு முன் நிரப்பப்போகும் நீரையும் சோதித்துப் பார்ப்பது விவேகம். ஆழ்துளைக் கிணற்று நீரே கடினமாயிருந்தால், குளத்து நீரைக் கொட்டிவிட்டு அதை நிரப்புவதால் சுண்ணாம்பு விஷயத்தில் லாபம் ஒன்றும் இராது.

சிறிது சிறிதாக மாற்றுவதில் வேறொரு க்ஷேமமும் உண்டு. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 75,000 லிட்டர் நீர், அதாவது 75 டன் பாரம், தொட்டியைப் பூமியோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. மழை பெய்து நிலத்தடி நீர் ஏறியிருக்கும் சமயத்தில் அந்தப் பாரத்தை அகற்றிவிட்டால், வெளியிலிருக்கும் நீர் காலித் தொட்டியைத் தோணிபோல் மேலே தூக்கிவிடக்கூடும். கான்கிரீட் வெடிக்கும், குழாய்கள் முறியும், ஃபைபர் தொட்டியானால் கிளம்பியே வந்துவிடும். நீருக்குச் செய்த செலவைவிடத் தொட்டிக்குச் செய்யும் செலவு பன்மடங்காகும்.

ஆகவே கண்ணுக்குத் தெரியும் பச்சையைக் கண்டு உடனே மோட்டாரைப் போடுவதும், கண்ணுக்குத் தெளிவாயிருப்பதால் நீரை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். ரியோவில் இறைத்தவர்களுக்கு மறுநாள் போட்டி இருந்தது. அந்த அவசரம் இல்லாதவர், ஒரு சிறு குப்பியில் நீரை மொண்டு அளந்து பார்த்துவிட்டுப் பிறகு தீர்மானிக்கலாம்.