அண்ணன் பிள்ளைகளிடம் 186 வருஷம் கழித்துத் திரும்பிய சிம்மாசனம்

"வாய்மொழியா சொன்னாரு, எழுதி வைக்கல" என்று ஆரம்பிக்கிற சொத்துத் தகராறு நம்ம பல பேர் குடும்பத்துல உண்டு. இன்னைக்கு நான் சொல்லப் போறதும் அப்படி ஒண்ணுதான். சொத்து மட்டும் கொஞ்சம் பெருசு: சீனா.

கி.பி. 960. ஜாவோ குவாங்யின் என்ற தளபதி, ஒரு சின்னப் பையன் கையில் இருந்த அரசைப் பறித்து சொங் வம்சத்தைத் தொடங்கினார். 976-ல் அவர் திடீர்னு இறந்தபோது தஜாவ், தஃபாங் என்று ரெண்டு மகன்கள் இருந்தாங்க. ஆனா அரியணையில் உட்கார்ந்தது தம்பி, தாய்சோங்.

அந்த ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்துல நிழல் ஆடுச்சு, கோடரிச் சத்தம் கேட்டுச்சுன்னு ஒரு கதை உண்டு. நிரூபணம் கிடையாது. 981-ல், "அண்ணனுக்கு அப்புறம் தம்பிதான்னு அம்மா சாகும்போது எழுத வச்சாங்க" என்று ஒரு ஆவணம் வெளியே வந்தது. தங்கப் பெட்டியில் பூட்டி வச்சிருந்ததாம். அஞ்சு வருஷமா அது எங்கே இருந்ததுன்னு கேட்கத் தோணுதுல்ல? எனக்கும் தோணுச்சு.

நடுவுல 979-ல், போர் வீரர்களுக்குப் பரிசு கொடுங்கன்னு சித்தப்பாகிட்ட கேட்டார் தஜாவ். "நீ ராஜா ஆனப்புறம் கொடு" என்கிற மாதிரி பதில் வந்தது. அவர் தற்கொலை செய்துகொண்டார். ரெண்டு வருஷத்துல, இருபதுகளின் தொடக்கத்திலேயே, தஃபாங்கும் இறந்துவிட்டார்.

ஆனா அவங்க சந்ததி அழியல. அரச குடும்பத்தின் ஒவ்வொரு கிளைக்கும், தலைமுறைக்கு ஒரு பெயரெழுத்து இருந்தது. அண்ணன் கிளையில் ஏழாம் தலைமுறைப் பையன்களுக்கு "போ". பெயரைக் கேட்டாலே எந்தக் கிளை, எத்தனையாவது தலைமுறைன்னு சொல்லிடலாம். அரியணை மட்டும் தம்பி வம்சத்திடமே இருந்தது. 1015-ல் சோழத் தூதர்கள் போய் நின்றதும் தாய்சோங்கின் மகன் அவையில்தான்.

1127-ல் எல்லாம் தலைகீழானது. ஜின் படை தலைநகர் காய்ஃபெங்கைப் பிடித்து, ரெண்டு பேரரசர்களையும் அரச குடும்பத்தின் பெரும்பகுதியையும் வடக்கே சிறை கொண்டுபோனது. தப்பிய இளவரசர் காவோசோங் பேரரசர் ஆனார். அவருடைய ஒரே மகன் 1129-ல் குழந்தையாகவே இறந்துவிட்டான். வாரிசு இல்லை, நெருங்கிய சொந்தங்களோ சிறையில். அப்போ லோ யின்லியாங் என்ற உள்ளூர் அதிகாரி துணிஞ்சு எழுதினார்: அண்ணன் கிளையிலிருந்து ஒருத்தரைத் தேர்ந்தெடுங்கள்.

அரண்மனைக்கு ரெண்டு பையன்கள் வந்தாங்க. குண்டா இருந்தவனைத்தான் பேரரசருக்கு முதலில் பிடிச்சதாம். அந்த நேரம் ஒரு பூனை குறுக்கே போக, குண்டுப் பையன் அதை எட்டி உதைச்சான். ஒல்லிப் பையன் அசையாமல் நின்றான். பூனை சும்மா போனதுக்கே உதைக்கிறவன் நாட்டை எப்படிப் பார்த்துப்பான்னு பேரரசர் மனசை மாத்திக்கிட்டதா ஒரு கதை. அந்த ஒல்லிப் பையன்தான் போசுங், தஃபாங்கின் வழித்தோன்றல். 1162-ல் சியாவ்சோங் என்ற பெயரில் அரியணை ஏறினார். 1224-ல் தஜாவின் சந்ததிக்கும் அரியணை கிடைத்தது.

"பாருங்க, நியாயம் ஜெயிச்சிடுச்சு"ன்னு முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனா தஜாவுக்கு இது எதுவும் தெரியப் போறதில்லை. தம்பியின் சந்ததி சிறைப்படாமல் இருந்திருந்தால், அந்தக் கடிதத்தை யாரும் எழுதியிருக்கவே மாட்டாங்க. 1279-ல் தெற்குக் கடலில் மங்கோலியப் படையிடம் தோற்றபோது, தஜாவ் வழியில் வந்த கடைசிப் பேரரசரை ஒரு அமைச்சர் முதுகில் சுமந்துகொண்டு தண்ணீரில் குதித்தார். அந்தப் பேரரசரும் ஒரு சின்னப் பையன்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.