ஹரிகேன் வருகிறது: கிளம்புவதா, இருப்பதா?

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் மக்கள் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று மேயர் ரே நாகின் உத்தரவிட்டது அதற்கு முந்தைய நாள் காலையில்தான். கார் இல்லாதவர்களும், கையில் காசு இல்லாதவர்களும், எழுந்து நடக்க முடியாத முதியவர்களும் ஒரே பகலுக்குள் எங்கே போவார்கள்? லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 75 வயதைத் தொட்டவர்கள்.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. ரீட்டா புயல் டெக்சஸை நோக்கித் திரும்பியது. கத்ரீனாவின் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து நடுங்கிப் போயிருந்த ஹூஸ்டன் வட்டாரத்து மக்கள் 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிட்டார்கள். நெடுஞ்சாலைகள் நகரவில்லை. கடும் வெயில், வழியிலேயே பெட்ரோல் தீர்ந்தது. முதியோர் இல்லத்துக்காரர்களை ஏற்றி வந்த பேருந்து ஒன்று டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். ரீட்டாவின்போது டெக்சஸில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் காற்றிலோ வெள்ளத்திலோ சாகவில்லை, தப்பிப் போகும் பயணத்தில் செத்தார்கள்.

முதல் புயலில் போக முடியாமல் இறந்தார்கள். அடுத்ததில் போக வேண்டிய அவசியமே இல்லாத பலர் சாலையை அடைத்ததால், போயே ஆக வேண்டியவர்களும் சிக்கினார்கள். ஆகவே பெரிய புயல் என்றாலே ஊரை விட்டு ஓடு என்பதும் சரியான அறிவுரை இல்லை, எது வந்தாலும் வீட்டுக்குள் இரு என்பதும் இல்லை. ஹூஸ்டனிலும் டாம்பாவிலும் மயாமியிலும் வாழும் நம் தமிழர்களுக்கும், ஊரிலிருந்து போன் போட்டு "கிளம்பிட்டியாப்பா?" என்று பதறும் பெற்றோருக்கும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: இந்த முடிவைப் புயலின் பெயரைக் கேட்டபிறகு எடுக்காதீர்கள். ஜூன் 1 அன்று புயல் பருவம் தொடங்குமுன், குடியிருக்கும் முகவரியை வைத்து எடுத்துவையுங்கள்.

கேட்டகரி எண் சொல்லாதது

செய்தியில் முதலில் காதில் விழுவது கேட்டகரி எண். மணிக்கு 111 மைல், அதாவது 178 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் கேட்டகரி 3. அதிலிருந்துதான் 'பெரும் ஹரிகேன்'. இந்த எண் அளப்பது காற்றை மட்டுமே. எவ்வளவு மழை கொட்டும், கடல் எத்தனை அடி ஊருக்குள் ஏறும் என்பதெல்லாம் அதற்குள் இல்லை. ஆனால் உயிரை எடுப்பது பெரும்பாலும் தண்ணீர். 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் இத்தகைய புயல்களில் நேரடியாக இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தண்ணீரில்தான் போனார்கள்; மொத்தத்தில் பாதிப் பேரைக் கொண்டுபோனது புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர். 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று டிவியில் சொல்வது இதைத்தான். அது வந்து மோதிவிட்டுத் திரும்பும் அலை இல்லை. கடல் மட்டமே உயர்ந்து தெருவுக்குள் வந்து, மணிக்கணக்கில் நிற்கும்.

2024இல் புளோரிடாவின் டாம்பா விரிகுடா மக்கள் இரண்டே வாரத்தில் இரண்டு பாடம் படித்தார்கள். செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் அவர்களை விட்டு நூறு மைலுக்கும் அப்பால் கடலிலேயே கடந்து போனது. அப்படியும் விரிகுடாவில் அதுவரை பதிவாகாத உயரத்துக்குக் கடல் ஏறியது. அடுத்து மில்டன். இம்முறை புயல் நேராக அவர்களை நோக்கியே வருவதாகத் தெரிந்தது. வெளியேற்ற மண்டலங்களில் தங்குபவர்கள் செத்துப்போவார்கள் என்று டாம்பா மேயர் ஜேன் காஸ்டர் வெளிப்படையாகவே சொன்னார். அக்டோபர் 9 இரவு மில்டன் சற்றுத் தெற்கே விலகி சியஸ்டா கீயில் கரையேறியது. விரிகுடாவில் கடல் ஏறவில்லை, உள்வாங்கியது.

காரணம் எளிது. வட அரைக்கோளத்தில் புயல் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. புளோரிடாவின் மேற்குக் கரையில் புயலின் கண்ணுக்குத் தெற்கே இருப்பவர்கள் மேல் காற்று கடலைத் தள்ளும். வடக்கே இருப்பவர்களிடமிருந்து கடலை இழுத்துக்கொண்டு போகும். கண் எந்தப் பக்கம் திரும்பும் என்பது கடைசி நேரம்வரை உறுதியாகாது. அதனால் மில்டனுக்காகக் கிளம்பியவர்கள் வீணாக அலைந்ததாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 2022இல் இயன் புயலின்போது எல்லோர் கண்ணும் டாம்பாவின் மேல் இருந்தது. பாதை தெற்கே நகர்ந்தது. அங்குள்ள லீ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வெளியேற்ற உத்தரவு வந்தது கரை கடப்பதற்கு முந்தைய நாள் காலையில். அந்தக் கவுண்டியின் ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் 10 முதல் 15 அடி வரை ஏறியது. அதே விலகல்தான், அங்கே கடல் உள்ளே வந்தது.

வரைபடத்தில் காட்டும் வெள்ளைக் கூம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது புயலின் அகலம் இல்லை. புயலின் மையம் எந்த எல்லைக்குள் போகக்கூடும் என்ற கணிப்பு. மூன்றில் ஒரு பங்கு நேரம் மையம் அதற்கும் வெளியே போய்விடுகிறது. கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது.

உங்கள் முகவரி என்ன சொல்கிறது?

புளோரிடாவின் கடலோரக் கவுண்டிகள் வீடுகளை ஏ முதல் எஃப் வரை மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. ஹூஸ்டன்-கால்வெஸ்டன் பகுதியில் ஜிப் கோடு வாரியாக மண்டலங்கள் உண்டு. முகவரியைத் தட்டினால் எந்த மண்டலம் என்று கவுண்டி இணையதளமே சொல்லும். ஆபத்து அதிகமுள்ள முதல் மண்டலங்களிலோ, மொபைல் ஹோமிலோ இருந்தால் உத்தரவு வந்ததும் கிளம்ப வேண்டியதுதான், மறுபேச்சு வேண்டாம். அதற்காக அட்லாண்டா வரை ஓட வேண்டியதில்லை. மண்டலத்துக்கு வெளியே, உறுதியான வீட்டில் இருக்கும் நண்பர் 20 மைல் தொலைவில் இருந்தால் அது போதும். எந்த மண்டலத்திலும் இல்லாத உறுதியான வீடு என்றால், பெரும்பாலும் இருப்பதே நல்லது. நீங்கள் சாலையில் இறங்காமல் இருந்தால் கடற்கரைக்காரருக்கு வழி கிடைக்கும்.

ஆனால் இந்த மண்டலங்கள் கடல்நீரை மட்டுமே கணக்கில் எடுத்தவை. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் கேட்டி என்ற புறநகர், ஹூஸ்டனின் கடலோர மண்டலங்களில் இல்லை. 2017இல் ஹார்வி புயல் நாள்கணக்கில் மழையைக் கொட்டியபோது, அந்தப் பக்கத்தில் உள்ள அடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் நிரம்பி, அவற்றின் விளிம்புக்கு உள்ளேயே கட்டப்பட்டிருந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் மூழ்கின. நீர்த்தேக்கத்துக்குள் வீடு வாங்கியிருக்கிறோம் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. இது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. பத்திரம் பதியும்போது யாரேனும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, நீர்த்தேக்க விளிம்புக்குள் இருந்த அந்த வீடுகள் மூழ்கியதற்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வீடு வாங்கினாலும் வாடகைக்குப் போனாலும் இதைக் கேளுங்கள்: இந்த வீட்டுக்குள் முன்பு தண்ணீர் வந்திருக்கிறதா? பக்கத்தில் என்ன நீர்த்தேக்கம், என்ன ஓடை?

ஹார்வியின்போது ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர் ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை. ரீட்டாவின் நினைவு எல்லோருக்கும் இருந்தது. அது சரியா என்று விவாதம் நடந்தது. என் பார்வையில் அவர் செய்தது சரி. வெள்ளம் எந்தத் தெருவுக்கு வரும் என்று தெரியாத மழையில் லட்சக்கணக்கானோரைச் சாலையில் இறக்கினால், கார்களுக்குள்ளேயே சாவு நடந்திருக்கும். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளைக் கொண்டுபோய்விடும்.

உத்தரவு, வேலை, வயதானவர்கள்

கட்டாய வெளியேற்றம் என்றால் போலீஸ் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போகுமா? அநேகமாக மாட்டார்கள். ஆனால் அது வெறும் வேண்டுகோளும் இல்லை. புளோரிடாவில் மீறுவது சிறு குற்றம். டெக்சஸில் தெரிந்தே தங்கிவிட்டுப் பிறகு மீட்கப்பட்டால், மீட்புச் செலவை உங்களிடமே கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இதைவிட முக்கியமானது வேறு: காற்று தொடர்ந்து மணிக்கு 40, 45 மைலைத் தொட்டதும் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வெளியே வராது. 911 என்ற அவசர எண்ணை அடிக்கலாம், ஆள் வரமாட்டார்கள். 2017இல் ஹார்வியின்போது டெக்சஸின் ராக்போர்ட் நகரில், தங்குவோர் தங்கள் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கையில் எழுதிக்கொள்ளும்படி நகர அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டார். உடலை அடையாளம் காண்பதற்காக.

வேலையைப் பற்றிய பயம் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அதிகம். டெக்சஸ் தொழிலாளர் சட்டத்தின்படி, அரசு பிறப்பித்த பொது வெளியேற்ற உத்தரவுக்கு இணங்கி வெளியேறிய ஊழியரை அதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது. அவசரகாலப் பணியாளர்களுக்கு விலக்கு உண்டு. எல்லா மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் இல்லை. ஆகவே உத்தரவின் நகலோடு மேலாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கிளம்புங்கள், வாய்மொழி போதாது.

நம் வீடுகளில் கோடைக்குப் பேரக்குழந்தையைப் பார்க்க வந்த பெற்றோர் இருப்பார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அளந்து கொண்டுவந்த மாத்திரைகள், கார் ஓட்டத் தெரியாத அம்மா, மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாத அப்பா. ரீட்டாவில் பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் காரில் கிடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இவர்கள் இருக்கும் வீடு வெளியேற்ற மண்டலத்துக்குள் இருந்தால் உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது, ஒரு நாள் முன்பே கிளம்ப வேண்டும். புளோரிடாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டால், மருந்துச் சீட்டின் காலம் முடியுமுன்பே 30 நாள் மருந்து வாங்க இன்சூரன்ஸ் அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். வண்டி இல்லாதவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் டெக்சஸில் 211 எண்ணை அழைத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம். புளோரிடாவில் சிறப்புத் தேவைப் பதிவேடு உண்டு. முகாமில் சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், கையில் எடுத்துப் போங்கள். நாய், பூனைக்காகத் தங்கி உயிரைவிட்டவர்கள் கத்ரீனாவில் உண்டு. அதன்பின் 2006இல் வந்த சட்டம், பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கச் சொல்கிறது. எந்த முகாம் சேர்த்துக்கொள்ளும் என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

இருப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டாதீர்கள். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். 2020இல் லாரா புயலில் கடல்நீர் எடுத்த உயிர்களைவிட ஜெனரேட்டர் புகை எடுத்த உயிர்கள் அதிகம்.

பணமும் பரிகாரமும்

சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. தேசிய வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்தபின் எடுத்துப் பயனில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களும் தங்கள் பொருள்களுக்கு எடுக்கலாம் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. கட்டாய உத்தரவால் வெளியேறினால் ஓட்டல் செலவைச் சில வீட்டு பாலிசிகள் தரும். பாலிசியைப் படித்துப் பார்த்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுங்கள். பாஸ்போர்ட், ஐ-797, ஐ-20 போன்ற விசா ஆவணங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தண்ணீர் புகாத உறையில் உங்களோடு வரட்டும். அறைக்கும் பெட்ரோலுக்கும் அநியாய விலை கேட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் செய்யலாம். அவசரநிலை அறிவித்தபின் அது புளோரிடாவிலும் டெக்சஸிலும் சட்டவிரோதம்.

கூட்டாட்சி அரசின் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் ரொக்க உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும்தான். எச்-1பி, எஃப்-1, பி-2 விசாக்காரர்கள் தங்கள் பெயரில் கேட்க முடியாது. ஆனால் வீட்டில் அமெரிக்காவில் பிறந்த குழந்தை இருந்தால், குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் கேட்காமலே விட்டிருக்கும். அவசர முகாம், உணவு, குடிநீர், மனநல ஆலோசனை போன்றவற்றுக்கு விசா நிலை தடையில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தால் அதை முழுதாகப் படியுங்கள். பல நேரம் ஓர் ஆவணம் குறைகிறது, அல்லது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முடிவுக் கடிதத்தை இணைக்கவில்லை, அவ்வளவுதான். கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பழுதுபார்ப்பு மதிப்பீடு, ரசீதுகள், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்ப எண்ணை எழுதி அனுப்புங்கள். பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இதற்கு இலவச வழக்கறிஞர் உதவியும் கிடைக்கும்.